வாசலில் நின்ற ரத்தக்காட்டேரி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் அத்தை வந்திருந்தார். என் மனைவி வாணியின் அம்மா. சமயநல்லூரிலிருந்து பஸ் மாறி வில்லாபுரம் வந்து, மாடிப்படி ஏறி, வாசல் நிலைக்கு அந்தப் பக்கமே நின்று தூக்குச்சட்டியை நீட்டினார். கருவாட்டுக் குழம்பு.

"சாப்ட்டியா தம்பி?"

"ம்."

கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன். பிறகு சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். போன மாதமும் இப்படித்தான்.

அவருக்கு உள்ளே கால் வைக்கப் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? அவர் மகளுக்குக் காய்ச்சல் ஏறியபோது நான் தேனியில் ஒரு ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜை ரிப்பேருக்குக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சாதாக் காய்ச்சல்தான், வேலைய முடிச்சிட்டே வா" என்று வாணிதான் போனில் சொன்னாள். டெங்கு. அக்டோபரில் போய்விட்டாள். முன்னாடியே வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அதை அத்தையிடம் யார் சொல்வது? நான் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும். அக்டோபரிலிருந்து எனக்கு எதுவும் ருசிப்பதில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அருண்பாண்டி போன் பண்ணினான். வாணியின் தம்பி. "மாமா, அக்கா ட்ரெய்லரத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குமே, ரத்தக்காட்டேரி படம், அது தமிழ்ல வந்துருச்சு. சனிக்கிழம மேட்னிக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன். சாக்குச் சொல்லாதீங்க."

படத்துக்குத்தானா? இல்லை, நேரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கவா?

பிப்ரவரி 6, வெள்ளி

கூட வேலை பார்க்கும் அல் அமீன் படத்தைப் பார்த்துவிட்டானாம். டீக்கடையில் சொன்னான்: "காசு குடுத்து ரெண்டு மணி நேரம் பனிமூட்டம் பாத்தேன் மாப்ள. அந்தம்மா ஒரு ஆளக்கூட ஒழுங்காக் கடிக்கல. நம்மூரு கொசுவே தேவலாம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 7, சனி

படம் பார்த்தாயிற்று.

அமீன் சொன்னது தப்பு. மெதுவான படம்தான், ஆனால் வெறும் பனிமூட்டம் இல்லை. கதாநாயகி செத்து இருபது வருஷமாக அலைகிறவள். ஏதோ ஒரு குளிர் தேசத்து ஊர், எந்நேரமும் மழை, தெருவிளக்கெல்லாம் பச்சை வெளிச்சம். பேச்சு ரொம்பக் குறைவு. அவள் அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தை அசலாகப் பிடித்திருக்கிறார்கள். கம்ப்ரஸர் நின்றதும் அறையே செத்துப்போன மாதிரி ஆகிறது. எனக்குத் தெரிந்த அமைதி அது.

ஒரே குறை. ரத்தப் பைகளை வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில், பால் பாக்கெட் வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறாள். திறந்து திறந்து மூடினால் சூடு ஏறி ரத்தம் கெட்டுப்போகும். சும்மா இருக்க முடியாமல் அருண்பாண்டியிடம் சொன்னேன்.

"மாமா, அது செத்தே இருவது வருசம் ஆச்சு. கெட்டுப்போனதக் குடிச்சு வயித்தால போனா மட்டும் செத்துறவா போகுது?"

சிரித்துவிட்டேன். என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. அவள் தன் பழைய வீட்டுக்குப் போகிறாள். புருஷன் கதவைத் திறக்கிறான், கிழவனாகிவிட்டான். இவள் செத்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறாள். வீட்டுக்காரன் "வா" என்று சொல்லாமல் ரத்தக்காட்டேரி நிலையைத் தாண்ட முடியாதாம். அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவள் மழையில் நிற்கிறாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தன் "உள்ள போக்கா, சளி புடிச்சுக்கும்" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. நான் மட்டும், "வான்னு சொல்லுய்யா, வான்னு சொல்லு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் சொல்லவே இல்லை. விடிகிற நேரம் அவள் போய்விடுகிறாள்.

படம் விட்டு, காளவாசலில் டீ குடிக்கும்போது அருண்பாண்டி கேட்டான். "அந்தாள அந்த அதட்டு அதட்டுனீங்களே மாமா. நீங்க மட்டும் என்னவாம்?"

"நான் என்னடா செஞ்சேன்?"

"எங்கம்மா எத்தன தடவ வந்து உங்க வாசல்ல நின்னுச்சு? வாங்க அத்தன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? 'மகளே போயிட்டா, அந்த வீட்டுக்கு இனி நம்ம யாரு'ன்னு வந்து அழுவுது."



வாணியைத் தூக்கிய அன்று பெரியப்பா என் காதில் சொன்னார். "இழவு வீடுப்பா. வர்றவங்கள வாங்கன்னு கூப்பிடாத. போறவங்களும் சொல்லிக்காமத்தான் போவாங்க." சரி என்றேன். அது பதினாறாம் நாளோடு முடிந்துபோச்சு, இனிமேல் கூப்பிடு என்று யாருமே சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பார்கள். நிறுத்தின மெஷினை மறுபடி எப்போது போட வேண்டும் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வருகிற ஆள் நான். எனக்கு யாரும் ஒட்டவில்லை.

தேனியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அத்தை என்ன நினைக்கிறார் என்று.

"அக்காதான உங்கள வேலைய முடிச்சிட்டு வரச் சொல்லுச்சு? அப்ப பக்கத்துல உக்காந்திருந்ததே எங்கம்மாதான் மாமா."

அப்ப என்னையக் குத்தம் சொல்லலயா? இம்புட்டு நாளா நான் என்னத்த — அய்யோ, அந்த மனுஷி சொல்லிக்காமப் போனது கூட, இந்த வீட்ல இன்னும் இழவு முடியலன்னு நெனச்சுத்தானா?

பிப்ரவரி 8, ஞாயிறு

தூக்குச்சட்டியைக் கழுவிக் காய வைத்தேன். அத்தைக்குப் போன் பண்ணி, "செவ்வாக்கிழமை லீவு போட்டிருக்கேன், வீட்டுக்கு வாங்க" என்றேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வந்தார். போனில் கூப்பிட்ட பிறகும் நிலைக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"உள்ள வாங்க அத்தை."

செருப்பைக் கழற்றி விட்டு நேராக அடுப்படிக்குப் போனார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். தண்ணி பாட்டிலும் காய்ந்து கல்லான ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன. "இது வீடா, காத்துக்கருப்பு குடியிருக்குற எடமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது, அக்டோபருக்குப் பிறகு. இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுது முடித்தோம். பிறகு பால் இல்லாமலே டீ போட்டுக் கொடுத்தார். சீனி தூக்கல். தூக்கல் என்று நாக்குக்குத் தெரிந்தது.

வெறுஞ்சட்டியாகத் திருப்பித் தரக் கூடாது என்பாள் வாணி. வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. சீனி போட்டுக் கொடுத்தேன்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாரேன் தம்பி" என்றார்.

வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிப்ரவரி 14, சனி

"எம்மக பாக்க ஆசப்பட்ட படமாமே, என்னயும் கூட்டிட்டுப் போ" என்று அத்தை பிடிவாதம். அதே மேட்னி. மழைக் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "அந்தாளு வாம்மான்னு ஒரு சொல்லு சொல்லிருந்தா அவ அம்புட்டு நேரம் நனைஞ்சிருக்க மாட்டா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பாவம், அவனுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல போல" என்றார்.