உச்சியிலிருந்து தெரிந்த ஜன்னல்

என் அன்பே,

கிரைஸ்ட்சர்ச் ஆஸ்பத்திரியில் தூக்கம் வருகிறதா? கால் வலி எப்படி? கோபப்படாதே, நீ விழுந்த அதே பனிச்சரிவில் இன்றிரவு நானும் சறுக்கினேன்.

விடுதியில் நம் பக்கத்து அறை மராமாதான் துரத்தினாள். "பிள்ளைய நான் பாத்துக்கறேன், போடி! கொக்கிய மட்டும் கயித்துல சரியா மாட்டிக்க. உருண்டு வந்தாலும் இன்னிக்குப் பாத்திரம் கழுவுற முறை உன்னோடதுதான்!"

சரிவின் மேலே இழுத்துப்போகும் கயிறு இடுப்பைப் பிடுங்கியது. உச்சியில் சுற்றிலும் பாறையும் இருட்டும்தான். கீழே நம் அறை ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது.

எங்களிடமிருந்து தப்பிக்கத்தான் நீ மேலே போகிறாய் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இந்த ஜன்னலைப் பார்த்துத்தான் இறங்கினாயா? ஏன் சொல்லவில்லை?

விழாமல் வந்துவிட்டேன். பாத்திரமும் கழுவியாயிற்று. விற்றுவிடு என்று சண்டை போட்டேனே, உன் சறுக்குக் கட்டைகள், அவற்றுக்கு மெழுகு பூசி வைத்திருக்கிறேன். கால் எலும்பு கூடட்டும். அடுத்த முறை உச்சியில் எனக்காக நில்.

இன்னும் பயம் தீராத
உன்னவள்