பம்ப்பை அணைத்துப் பார்த்தேன்

வியாழன், இரவு.

நாளை பவளங்கள் வருகின்றன. ஹாலில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி தயாராகிவிட்டது. அதற்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சிறிய தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற, ஆயர் ஈத்தாம் ஊரிலுள்ள மீன்தொட்டிக் கடையில் இருந்ததிலேயே பெரிய பம்ப்பை என் கணவர் வாங்கி மாட்டியிருக்கிறார்.

"பவளத்துக்கு நல்லா ஓட்டம் வேணும் லா," என்றார்.

"கரண்டு போனா மேல உள்ள தண்ணி எங்க போகும்?"

"ஒன்னும் ஆகாதுன்னு கடைக்காரரே சொல்லிட்டாரு. நீ ஒரு சந்தேகப் பிராணி."

விற்பவர் சொல்வதை நான் நம்புவதில்லை. கணவர் குளிக்கப் போனதும் பம்ப்பின் சுவிட்சை அணைத்தேன். ஏற்றும் குழாயின் வாய் மேல்தொட்டியில் ஆழமாக மூழ்கியிருந்தது. அதன் வழியாகவே தண்ணீர் கீழே திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. சிறிய தொட்டி வழிந்து, சோபாவின் கால் நனைந்தது. பதறிப்போய் மறுபடியும் சுவிட்சைப் போட்டேன்.

துண்டோடு ஓடி வந்தார். "என்னம்மா இது?"

"கரண்டு போயிட்டு வந்துச்சு," என்றேன்.

குளியலறை விளக்கு அணையவே இல்லை என்பது அதற்குள் இருந்தவருக்குத் தெரியாதா? சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அவர் தரையைத் துடைத்தார். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி உயர்த்திக் கட்டினார்; இனி தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே குழாயில் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிட வேண்டும். பிறகு திரும்பி, "அடுத்த தடவ கரண்டு போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. வாளி எடுத்து வைக்கிறேன்," என்றார்.

பவளங்கள் வருவதற்குள் இன்னொரு முறை அணைத்துப் பார்த்தாக வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.