இரண்டு சென்ரிமீற்றர்

14 ஒக்ரோபர் 2024, திங்கள்

விடிந்தது முதல் மழை. பஸ் வராமல் முக்கால் மணித்தியாலம் நனைந்துகொண்டு நின்றேன். பலேர்மோவில் நாங்கள் இருக்கிற சீசாப் பக்கத்துக்கு வந்து வீட்டுக் கதவைத் திறந்தால், குளியலறைச் சுவர் என்னைவிட மோசமாக நனைந்திருக்கிறது.

இன்றும் அளந்து பார்த்தேன். அளவு தானாக மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. இவருடைய சக்கர நாற்காலி அறுபத்து நான்கு சென்ரிமீற்றர். குளியலறை வாசல், நிலையைக் கழற்றிய பிறகும், அறுபத்திரண்டு. இரண்டு சென்ரிமீற்றர்! ஒடுங்கின நாற்காலி ஒன்றும் எடுத்துப் பார்த்தோம். இவர் அதற்குள் அடங்கவில்லை.

சித்திரையில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் வழங்காமல் போன நாள் முதல் இவர் குளிப்பது சமையலறையில், பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துதான். மற்றதற்கு அறைக்குள் ஒரு கொமோட். குளிப்பது என்று எழுதியதும் பிழை. நான் துடைத்து விடுகிறேன். மகள் கேசிகா வீட்டில் நிற்கிற நாள் என்றால் இவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

உள்ளே போய்விட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் தானே எல்லாம் செய்வார் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளே போனால்தானே.

22 ஒக்ரோபர்

தனிலோ வந்தார். வீட்டு வரைபடம் கீறி அனுமதி எடுத்துத் தருகிறவர்; அந்தத் தொழிலுக்கு இங்கே ஜியோமெத்ரா என்று பெயர். பழைய பதிவு வரைபடத்தை மேசையில் விரித்தார். விரலால் தேடினார். பிறகு சொன்னார்: “சிஞ்ஞோரா, இந்த வீட்டிலை பாத்றூமே இல்லையே.”

நான் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காகிதத்தில் அது சாமான் வைக்கிற அறையாம். பன்னிரண்டு வருசமாக நாங்கள் சாமான் அறைக்குள் குளித்திருக்கிறோம். முதலில் குளியலறை காகிதத்தில் பிறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அதன் வாசலைப் பெருப்பிக்கக் கேட்கலாம். “அதுக்குள்ளை கொமோட் பூட்டினது ஆர் எண்டு என்னை ஏன் கேக்கிறியள்? வித்தவனைப் போய்க் கேளுங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கேசிகா அதை இத்தாலியனில் ஒரு வரியில் சொன்னாள். அவள் வாயால் போனால் என் கோபமெல்லாம் ‘அம்மாவுக்கு ஒரு சின்னக் கேள்வி இருக்கு’ என்று ஆகிவிடுகிறது.

6 நவம்பர்

நகரசபைக் கந்தோர். இலக்கத் துண்டு 71. கூப்பிடும்போது மத்தியானம்.

குளியலறைச் சுவர் ஐம்பது சென்ரிமீற்றர்க் கல்சுவர். மேல் மாடியைத் தாங்குகிறதாம். பலேர்மோ நிலநடுக்கம் வருகிற இடம் என்பதால், அதில் வெட்டுகிறதென்றால் பொறியியலாளர் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை இன்னொரு கந்தோர் பார்க்க வேண்டும். கல் இத்தனை மழைகாலமாக ஈரம் குடித்திருப்பதால் அதற்கு எவ்வளவு பலம் மிச்சம் என்றும் சோதிக்க வேண்டும். யன்னலில் இருந்த மனிதர் நல்ல மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

நான் வேலை செய்கிற வீட்டு மொட்டைமாடியில் முப்பது வருசமாக ஒரு கண்ணாடி அறை நிற்கிறது. அதை எந்த நிலநடுக்கமும் எந்தக் கந்தோரும் கேட்டதில்லை.

பஸ்ஸில்தான் வாய்க்கு வந்தது: நிலம் நடுங்குமெண்டு இவ்வளவு யோசிக்கிறியளே, சமையலறைக்குள்ளை ஒரு மனிசன் குளிரிலை நடுங்குறான், அதுக்கு எந்த யன்னலுக்குப் போக?

19 நவம்பர்

கந்தோர் பூட்டு. ஏன் என்று கதவிலும் எழுதவில்லை.

3 டிசம்பர்

என் வேலை என்ன? தொண்ணூறு வயதுப் புரொபெசோரேயைக் குளிப்பாட்டுவது. அவருடைய குளியலறைக்குள் இரண்டு சக்கர நாற்காலிகளை ஓட்டப்பந்தயம் விடலாம். சுவரெல்லாம் கம்பி. தண்ணீர் சூடு காணுமோ என்று அவரிடம் மூன்று தரம் கேட்டு, மூன்று துவாயால் துடைத்து, பவுடரும் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இங்கே இவருக்கு ஈரத் துணி. அதுவும் அவசரம் அவசரமாக, ஏனென்றால் அதே நிலத்தைத் துடைத்துவிட்டுச் சமைக்க வேண்டும்.

இன்று, கையை உயர்த்தவில்லை என்று இவர்மேல் எரிந்து விழுந்தேன். எரிச்சல் ஆரிலை, விழுந்தது ஆரிலை. சீ.

15 ஜனவரி 2025

நேற்றுப் பொங்கல். ‘கிட்டத்தட்ட முடிஞ்சுது’ என்று தனிலோ டிசம்பர் முழுக்கச் சொன்னார். புது வருசத்திலும் அதையே சொல்கிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் ரெலிபோன் எடுத்தாள். சுவர் வேலை தொடங்கச் சாத்திரியாரிடம் நாள் பார்த்திருக்கிறாள். பெப்ரவரி மூன்றாந் தேதி பத்தரை தொடக்கம் பதினொன்றே கால் வரை. விட்டால் இனி வைகாசிதானாம். வைகாசி வரை இவரைச் சமையலறையில் வைத்துத் துடைக்க என்னால் முடியாது. அனுமதி வருகிற நேரம் வரட்டும், வேலையைத் தொடங்கி வைப்போம் என்று சொல்லிவிட்டேன். மூன்று தட்டு. உடைப்பது இல்லை, தொடங்கி வைப்பது.

எந்தப் பத்தரை என்று ஒரு வழக்கு. “இஞ்சத்தைப் பத்தரைதானே அம்மா?” என்றாள் கேசிகா. யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் யாழ்ப்பாணத்துச் சூரியனை வைத்துக் கணித்த நேரம். அங்கே பத்தரை என்றால் இங்கே விடியக்காலை ஆறு. ஆறுதான் என்று முடித்துவிட்டேன்.

3 பெப்ரவரி

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ஆறு மணிக்கு விளக்கேற்றி மஞ்சள் தெளித்தேன். மேசன் பெனடிக்ற் நித்திரைக் கண்ணோடு வந்தான். மன்னார்ப் பிள்ளை. “அக்கா, நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம். ஆனா விடியப்புறம் ஆறு மணி ஒருத்தருக்கும் நல்ல நேரமில்லை” என்றான். முதல் தட்டு வீட்டுக்காரர் தட்ட வேண்டும் என்று சுத்தியலை இவரிடம் கொடுத்தேன். நாற்காலியில் இருந்தபடி வலக்கைக்கு எட்டியது வாசலின் வலப்பக்கம். நாங்கள் வெட்டப்போவது இடப்பக்கம். பரவாயில்லை, சுவர் ஒன்றுதானே என்றேன்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்கு, ஈரம் ஊறிக் கிடந்த சாந்து பெரிய தகடாகக் கழன்று விழுந்தது. வீடே அதிர்ந்தது. அந்த அவசரத்தில் நான் தேங்காயையும் உடைத்துவிட்டேன்.

கீழ் வீட்டில் அலறல். “தெரெமோத்தோ! தெரெமோத்தோ!” நிலநடுக்கம் என்று கத்திக்கொண்டு சிஞ்ஞோரா கொன்செத்தா வெறுங்காலோடு, இரவு உடுப்போடு மழையில் றோட்டுக்கு ஓடிவிட்டாள். எண்பது வயது. அவளுக்குப் பின்னால் முழுக் கட்டடமும். ஆறு ஐந்துக்கு எல்லோரும் குடையில்லாமல் நின்று எங்கள் யன்னலைப் பார்க்கிறார்கள். நான் கையில் தேங்காய்ப் பாதியோடு நிற்கிறேன்.

பெனடிக்ற் சாந்து விழுந்த இடத்தில் விரலால் தட்டி, “அக்கா, இது கல்லில்லை, ஓட்டைச் செங்கல்” என்றான். ஆருக்கு வேணும் அது இப்போது?

4 பெப்ரவரி

நகரப் பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். அனுமதியில்லாமல் சுவர் இடித்தோமாம். வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம். மூன்று தட்டுக்கு நான்கு பக்கம்.

அறிவித்தது ஆர் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. கொன்செத்தா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருசம் என் கையால் வடை வாங்கித் தின்ற வாய்! வந்து கதவைத் தட்டி, “ஞானா, என்ன சத்தம்?” என்று கேட்டிருக்கக் கூடாதா? இனி அவளோடு எனக்கு ஒரு கதையும் இல்லை. பூஞ்ஜோர்னோ என்று ஒரு வணக்கமும் இல்லை.

11 பெப்ரவரி

எங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். ஓடாத வண்டியை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்கச் சொன்னேன். கேசிகா மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

9 மார்ச்

மழை. சுவர். மழை.

27 மார்ச்

ஆஸ்பத்திரி. இரண்டு நாளாக இவருக்குக் காய்ச்சல், இன்று புலம்பத் தொடங்கிவிட்டார். சிறுநீரில் கிருமி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று டொக்டர் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: ஒன்றரை லீற்றர், வேலைக்குப் போகும்போது நானே போத்தல் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

ஊத்தியிருக்கிறார். பல்கனிப் பூச்சாடிக்குள்ளை. நாள் நாளாய். அந்தக் கறிவேப்பிலை ஏன் அழுகினதெண்டு நான் மண்ணை மாத்தி மாத்திப் பாத்தன், எனக்கு விளங்கேல்லை. ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன். “குடிச்சால் போக வேணும். போறதெண்டால் உன்னைக் கூப்பிட வேணும், நீ இல்லாட்டிப் பிள்ளையைக் கூப்பிட வேணும். நான் கூப்பிட மாட்டன், ஞானம்.” அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டு சென்ரிமீற்றருக்காக ஒரு மனிசன் தண்ணி குடிக்காமல் கிடந்திருக்கிறார். இதை எந்தப் படிவத்திலை எழுதுறது? சொல்லட்டும், ஆராவது சொல்லட்டும்.

29 மார்ச்

ஆஸ்பத்திரியால் வந்து படியேற முடியாமல் முதலாம் மாடிப் படியில் இருந்துவிட்டேன். கொன்செத்தாவின் கதவு திறந்தது.

“ஜெயரட்ணோ எப்பிடி இருக்கிறார்?” இவர் பெயர் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. என் உடைந்த இத்தாலியனிலேயே கேட்டேன், மொழிபெயர்க்க ஆளில்லாததால் முழுக்கோபமும் அப்படியே போனது. ஒரு ரெலிபோனில் எங்கள் வாசலை அடைத்துவிட்டாயே என்றேன்.

அவள் என் பக்கத்தில் படியில் இருந்தாள். “அறுபத்தெட்டிலை நடுங்கேக்கை மூண்டு மாசப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியாலைதான் ஓடினனான். அதுக்குப் பிறகு சுவரிலை சத்தம் கேட்டால் என்ரை கால் என்னைக் கேக்காது. நான் பயந்துபோய்த்தான் எடுத்தனான், ஞானா.” பிறகு கேட்டாள்: “எந்த வாசல்?”

சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“அது பெரிய வாசலெல்லோ! உங்கடை வீடு அந்தக் காலம் என்ரை மாமியின்ரை. இரட்டைக் கதவு. பிறகு அதைச் சாமான் அறையாக்கேக்கை வலப்பக்கத்தைச் செங்கல் வைச்சு அடைச்சவை.”

“இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீ எங்கை கேட்டனீ? பூஞ்ஜோர்னோ சொல்லுறதையும் விட்டிட்டாய்.”

உள்ளே போய் ஒரு படம் கொண்டுவந்தாள். 1953, அவளுடைய முதல் நற்கருணை நாள். வெள்ளை உடுப்போடு ஒன்பது வயதுப் பெண், இரட்டைக் கதவுக்கு நடுவில். பின்னால் தெரிவது எங்கள் குளியலறை யன்னல்.

பெப்ரவரியிலேயே நான் அந்தக் கதவைத் தட்டியிருந்தால்? எழுதாமல் விடுகிறேன்.

16 ஏப்ரல்

பொறியியலாளர் வந்தார். ஒல்லியான பெண், என்னைவிட அதிகம் பேசுவாள். படத்தைப் பார்த்தாள், சாந்து விழுந்த இடத்தைப் பார்த்தாள். மேலும் கொஞ்சம் சுரண்டினாள். செங்கலுக்கு மேலே ஒரே கல்லாக நீள உத்தரம். இருந்த வாசலைத் திரும்பத் திறப்பது சுவரை வெட்டுவது ஆகாதாம். அந்தப் படத்தையும் விண்ணப்பத்தோடு ஆதாரமாக வைக்கலாமாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று இத்தனை நாளும் திட்டினேன். பூதம் வாசலைத்தான் காட்டியிருக்கிறது.

இடப்பக்கத்தை ஈரமானியால் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நாங்கள் வெட்ட இருந்தது அந்தப் பக்கம். மேல் மாடியின் பாரம் முழுக்க அந்த ஊறின கல்லில்தான் நிற்கிறது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதுகிறேன்: கந்தோர் கேட்டது சரி. சரியான கேள்வியை ஐந்து மாதமாக இழுத்தது பிழை. இரண்டையும் எழுதினால்தான் கணக்குச் சரி.

28 மே

அனுமதி வந்துவிட்டது. குளியலறையும் காகிதத்தில் பிறந்துவிட்டது. “வைகாசியெண்டு சாத்திரியார் அண்டைக்கே சொன்னவர்தானே?” என்கிறாள் மச்சாள். ரெலிபோனை வைத்துவிட்டேன்.

10 யூன்

இத்தாலியன் நேரம் பத்து மணிக்கு, இரண்டு நாளுக்கு முன்பே கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு, பெனடிக்ற் தொடங்கினான். கொன்செத்தா எங்கள் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு அடிக்கும் சிலுவை போட்டாள். மத்தியானம் அளந்தோம். தொண்ணூற்றொன்று.

24 யூன்

கம்பிகள் பூட்டி, சீமெந்து காய்ந்து, இன்று காலை இவர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் துவாய், சவர்க்காரம், மாற்றுடுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எல்லாவற்றையும் மடியில் வாங்கினார். பிறகு கதவைச் சாத்தினார்.

என் முகத்துக்கு முன்னால்! இந்தக் கதவுக்காக மழையில் நின்றது ஆர், 71ஆம் துண்டோடு இருந்தது ஆர்?

“இஞ்சேருங்கோ, விழுந்தால்?”

“விழமாட்டன். அங்காலை போ.”

போகவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பத்து நிமிசம், இருபது நிமிசம். தட்டினேன். “குளிக்கிறன்” என்றார். அரை மணித்தியாலமாக என்னத்தைக் குளிக்கிறார் இந்த மனிசன்? கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சமையலறைக்குப் போனேன். நிலம் காய்ந்து கிடந்தது.

மேசையில் காலையில் நிரப்பி வைத்த போத்தல். வெறும் போத்தல். பல்கனிக்குப் போய்ப் பூச்சாடியைத் தொட்டுப் பார்த்தேன். மண் காய்ந்திருந்தது. வந்து போத்தலைத் திரும்ப நிரப்பி வைத்தேன்.