கிராணியாரின் பெரிய சொற்கள்

குளுவாங், 6 மார்ச் 1927

இன்றும் இவர் அகராதியோடுதான் சாப்பிட்டார். சொதி பட்ட பக்கத்தை ஊதி ஊதிக் காயவைத்தார். ரப்பர் தோட்டத்துக் கந்தோரில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி வேலை. நினைப்பு மட்டும் லண்டன் கோர்ட்டில். 'கைண்ட்னஸ்' என்ற சொல் இவர் வாயில் வராதாம். "அதை ஆரும் சொல்லுவினம். நான் பெனிக்னிட்டி எண்டுதான் சொல்லுவன்." சோறு கேட்கும்போது மட்டும் தமிழ்.

20 மார்ச்

தலைப்பிள்ளை. யாழ்ப்பாணம் போய் அம்மாவிடம்தான் பெறவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். என்னைத் தனியே கப்பலேற்ற மாட்டாராம். கூட வர இவருக்கு லீவு வேண்டும். பெண்சாதிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, லீவு தாருங்கள் — இதைக் கேட்க எத்தனை சொல் வேண்டும்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கம் பக்கமாக விண்ணப்பம் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். பெறப்போவது நானா, ஏதாவது மகாராணியா?

24 மார்ச்

வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"துரை வாசிச்சு அசந்து போனார், தங்கரத்தினம்! சிங்கப்பூர்க் கொம்பனிக்குப் போற கடிதமெல்லாம் இனி நான்தான் எழுதோணுமாம்."

"லீவு?"

"என்னை விட்டால் வேறை ஆளில்லையாம். லீவு இல்லையெண்டிட்டார்."

அதையும் பெருமையோடு சொல்கிறார்! துரைக்குப் பேனா பிடிக்கப் பஞ்சி, சரியான சோம்பேறி. வசமாக ஓராள் அகப்பட்டது.

11 ஏப்ரல்

நாங்கள் போகவேண்டிய கப்பல் போய்விட்டது. "நேரே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கத்தினேன். அகராதிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

2 மே

இவரோடு பேச்சில்லை. இங்கிலீசிலும் இல்லை.

3 ஜூலை

கூலியாட்களின் லயத்து மருத்துவச்சி கருப்பாயி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "நா இருக்கேன்ல, பயப்படாதீங்கம்மா." நல்ல மனுஷி. ஆனாலும் எனக்கு அம்மா வேண்டும். அம்மாதான் வேண்டும்.

19 ஜூலை

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. இவர் வாசலில் நின்று அழுதாராம், கருப்பாயி சொன்னாள். எந்தச் சொல்லும் வரவில்லையாம்.

14 ஆகஸ்ட்

இன்று இவர் துள்ளிக்கொண்டு வந்தார். சீமையில் இருக்கும் தாயைப் பார்க்கத் துரை கொம்பனியிடம் லீவு கேட்டிருந்தாராம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது இவர்தான். உடனே கிடைத்துவிட்டதாம்.

"எல்லாம் என்ரை இங்கிலீசுக்குத்தான்!"

பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"துரையின்ரை தாய்க்குச் சந்தோஷமாயிருக்கும்" என்றேன்.