கல்யாணத்துக்கு வராத காரணம் ஒரு துப்பாக்கிக் கட்டை

அஜ்மான்
19 மே 2006, வெள்ளிக்கிழமை

அன்புள்ள எலிசாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலையில் முடிவு செய்தேன். கர்த்தர் கிருபையால் எனக்கு இங்கே சுகக்குறைவு ஒன்றும் இல்லை, சர்க்கரை கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், மற்றபடி ஒரு மனிதன் கோபத்தை மட்டும் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆரோக்கியமாக இருக்கலாம் என்பதற்கு நான் நல்ல சாட்சி. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பெபினும் அதைவிட நல்ல காரணத்தால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பர் போட்டால் அங்கே மழை, குளிர், மறுபடியும் மழை என்று நீ சொல்லி முடிக்கும்போது கார்டு தீர்ந்துவிடுகிறது. கார்டு தீரட்டும் என்றுதான் நீ மழையைப் பற்றிப் பேசுகிறாய் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

உன் கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று நம் ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். மாப்பிள்ளை பிடிக்காமல் வரவில்லை என்பது ஒன்று, சித்தப்பா ஜஸ்டஸோடு காம்பவுண்டுச் சுவர் தகராறு என்பது இன்னொன்று, துபாயில் எனக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவது கதையைக் கட்டியவர்களுக்கு என் சம்பளம் தெரியாது. உண்மையான காரணம் நான்காவது. அது முக்கால் ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. சிரிக்காதே.

எங்கள் முதலாளியை உனக்குத் தெரியும், நீ சின்னப்பிள்ளையாக வந்திருந்தபோது உனக்குப் பேரீச்சம்பழப் பெட்டி கொடுத்தாரே, அந்த அர்பாப்தான். அவரிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி உண்டு, அவருடைய அப்பா வாங்கியது. ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் அப்பனும் மகனும் நடத்திய பட்டறையில் செய்தது. அவர்கள் செய்ததே கொஞ்சம், அதிலும் இந்த மாதிரி மிகக் கொஞ்சம். சாதாரணத் துப்பாக்கியில் மரம் பாதிக் குழலோடு நின்றுவிடும், இதில் குழல் நுனிவரை ஒரே வால்நட் மரம் ஓடும். போன வருடம் செப்டம்பரில் பாலைவன முகாமில் அர்பாபின் மூத்த மகன் வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது சம்பளக்காரர்களின் வேலை என்பது அவனுடைய கொள்கை. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விசைக்குப் பின்னால் கை பிடிக்கிற மெல்லிய இடத்தில், கழுத்து என்கிறார்கள், மரம் இரண்டாக முறிந்துவிட்டது. ஒட்டித் தருகிறேன் என்ற கடைக்காரனை அர்பாப் பார்த்த பார்வையில் அவன் கடையையே ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாற்றுக்கட்டை வேண்டும், அதுவும் அதே பட்டறையில் செய்ததுதான் வேண்டும். இதற்கு யார் பொறுப்பு? எம்.ஏ. ஆங்கிலம், முதல் வகுப்பு, உன் அப்பன். இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத் துப்பாக்கியும் தெரிந்திருக்கும் என்பது இங்கே பொது நம்பிக்கை. என்னை அவர் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார், வாத்தியார் என்று அர்த்தம். மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு வேலை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அக்டோபரில் உன் கல்யாணம் ஜனவரிக்கு முடிவானது என்று அம்மா சொன்னதும் லீவு கேட்டேன். கட்டை வந்ததும் போகலாம் உஸ்தாத், இன்ஷா அல்லா என்றார். இறைவன் பெயரில் குற்றம் இல்லை, அதைச் சொல்லி பாஸ்போர்ட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. ஆக என் மகள் கல்யாணத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு வால்நட் மரம் வந்து நின்றது. துபாயிலும் ஷார்ஜாவிலும் வேட்டைச் சாமான் விற்கிற கடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். பெயர்பெற்ற கம்பெனித் துப்பாக்கிகளுக்கெல்லாம் கட்டை இருக்கிறது, பிளாஸ்டிக்கில்கூட இருக்கிறது, இதற்கு மட்டும் மாஃபி, இல்லவே இல்லை. ஆஸ்திரியாவுக்கு எழுதினேன். பட்டறை மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார் என்று ஊராட்சி அலுவலகத்திலிருந்து மிகப் பண்பான பதில் வந்தது. ரூமில் என்னோடு இருக்கும் வெங்கட்ராமன், மாயவரத்துக்காரர், அக்கவுண்டண்ட், நான் தினமும் கையில் அளவுக் காகிதத்தோடு போய்வருவதைப் பார்த்துவிட்டு, சார், பொண்ணுக்கு வரன் தேடியிருந்தாக்கூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டேள் என்றார். மகள் எனக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை ஐயா என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டார், நல்ல மனிதர்.

கடைசியில் வழி கிடைத்தது எங்கே தெரியுமா, ஷார்ஜா ரோலாவில் நாங்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில். இந்த நாட்டு முதலாளிகளுக்குத் தங்கள் குடோனில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர்கள் குடோன் சாவியை வைத்திருக்கிற நம் ஆட்களுக்குத் தெரியும். அந்த நம் ஆட்கள் மீன்குழம்புக்கு எங்கே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முறிந்த கட்டையைப் படம் எடுத்து, கீழே என் நம்பரை எழுதி, கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒட்டினேன். பக்கத்தில் ரூமில் பெட்ஸ்பேஸ், ஒரு கட்டில் இடம், காலி, பார்சல் அனுப்பப்படும் என்ற நோட்டீஸ்கள், அவற்றுக்கு நடுவில் என் துப்பாக்கி. பெருநாள் லீவுக்கு மச்சானைப் பார்க்க வந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கை கழுவும்போது அதைப் பார்த்திருக்கிறார். முகம்மது சித்தீக் என்று பெயர், தோஹாவில் ஒரு வியாபாரியிடம் ஸ்டோர்கீப்பர். திரும்பிப் போனதும் போன் செய்தார். அண்ணாச்சி, நீங்க ஒட்டி வச்சிருக்க அந்தக் கட்டை எங்க குடோன்ல கெடக்கு, துப்பாக்கி துருப்பிடிச்சு மௌத்தாப் போச்சு, கட்டை மட்டும் புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கு என்றார். விசாரித்தால், அர்பாபின் அப்பாவும் அந்த தோஹா வியாபாரியின் அப்பாவும் அந்தக் காலத்தில் ஒன்றாகப் போய் ஜோடியாக வாங்கிய துப்பாக்கிகள் அவை. இரண்டு வீட்டுக்கும் இது மறந்தே போயிருந்தது. ஆனால் அந்த வியாபாரி ஐரோப்பாவில் இருந்தார், அவர் வந்து வாயால் சொன்னால்தான் கட்டையைக் கழற்றலாம். அவர் வந்தது ஜனவரியில். உன் கல்யாணம் வியாழக்கிழமை. அர்பாப் என்னை தோஹாவுக்கு அனுப்பியது அதே வாரம் திங்கட்கிழமை.

இப்போது கவனமாகப் படி, மேலே சொன்னதெல்லாம் இதற்காகத்தான். தோஹா போக வேண்டும் என்பதால் அர்பாப் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். தொழில்பேட்டையில் அந்த குடோனில் சித்தீக் இரண்டு திருகாணியைக் கழற்றியதும் கட்டை தனியாக வந்தது, என் அளவுக் காகிதத்தை வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. பழைய கம்பளத்தில் சுற்றிக் கட்டினோம். அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, சட்டைப் பையில் பாஸ்போர்ட், மறுநாள் சாயங்காலம் தோஹாவிலிருந்தே திருவனந்தபுரத்துக்கு விமானம், அங்கிருந்து நாகர்கோவில் காரில் இரண்டு மணி நேரம். அர்பாப் கோபித்துக்கொண்டு வேலையை விட்டே நிறுத்தலாம். நிறுத்தட்டும் என்று தோன்றியது. சித்தீக்கிடம் சொன்னேன். நீங்க போங்க அண்ணாச்சி, மகளுக்கு மேலயா கட்டை, துபாய் போற ஆளுக்கிட்ட நான் குடுத்து விடுதேன் என்று சொல்லிவிட்டு அவரே டிராவல்ஸுக்குப் போன் செய்து ஒரு சீட்டுப் பிடித்து வைத்தார். முன்பின் தெரியாத ஆள்.

நான் வருகிறேன் என்று சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது உன் சித்தப்பா. வீட்டில் ஒரே கூச்சல், பந்தல்காரனை யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள், நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குப் புறப்படுகிறேன் என்றேன். ஜஸ்டஸ் சொன்னான், அண்ணே, கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு, நீங்க வரமாட்டியன்னு நெனச்சு ஒங்க பேரப் போடல்ல, என் பேருலதான் அடிச்சிருக்கு, இப்ப நீங்க வந்து நின்னா ஆளுவ என்ன பேசுவாவ, கையப் புடிச்சு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு ஆல்ட்டர் முன்னால வச்சா சண்டை போடுவோம் என்று. என் மகள் கல்யாணக் கார்டில் என் பெயர் இல்லாமல் எப்படி அடித்தாய் என்று கேட்டேன். மாதிரியை எலிசாவுக்கு ஈமெயில்ல அனுப்பினோம், அவ பாத்து நல்லாருக்கு சித்தப்பான்னு சொன்ன பெறகுதான் அடிச்சோம் என்றான். அவளிடம் கொடு என்றேன். கையில மருதாணி போட்டிருக்கா அண்ணே, போனப் புடிக்க முடியாதுல்லா என்றான். சரி என்று வைத்துவிட்டேன். சித்தீக் பிடித்து வைத்த சீட்டை அவரையே ரத்து செய்யச் சொன்னேன். செய்துவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கம்பளச் சுருளோடு தோஹா ஏர்போர்ட்டில் நின்றேன். பிரித்துப் பார்த்த போலீஸ்காரர், துப்பாக்கி எங்கே என்றார். மாஃபி, கட்டை மட்டும்தான் என்றேன். கட்டையை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டுச் சிரித்தார். நல்ல கேள்வி.

மாப்பிள்ளையைப் பற்றி நான் சொன்ன வார்த்தை உங்கள் இரண்டு பேருக்கும் வந்து சேர்ந்திருக்கும். படகு இன்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறவனுக்கா இந்தப் படிப்புப் படிக்க வைத்தேன் என்று சொன்னது உண்மை, மறுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டவன் பெயரை அழித்துவிட வேண்டுமா? நான் அறிய விரும்புவது ஒன்றுதான். அந்தத் திங்கட்கிழமை நான் போன் செய்ததை உன் சித்தப்பா உன்னிடம் சொன்னானா? சொல்லியிருந்தும் நீ பேசாமல் இருந்தாய் என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். சொல்லவில்லை என்றால், நாலு மாதமாக நீ என்மேல் வைத்திருக்கிற கோபத்தில் பாதியை அவன் கணக்குக்கு மாற்றிவிடு. மீதிப் பாதியை நானே வைத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது.

வியாழக்கிழமை நீ உன் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்தில் நடந்த நேரத்தில் நான் துபாயில் ஒரு கடையின் பின்னறையில் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கடைக்காரன் திருகாணியை முறுக்கினான். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அர்பாபுக்குக் கண் கலங்கிவிட்டது. பிப்ரவரியில் ஓமானிலிருந்து அவருடைய நண்பர் வந்தார், காவா என்கிற அரபிக் காபி குடித்தார், துப்பாக்கியைக் கையில் வாங்கி, என்ன அழகான மரம், மாஷா அல்லா என்றார். விருந்தாளி ஒன்றைப் புகழ்ந்தால் கொடுத்துவிடுவது இவர்கள் வழக்கம், உயர்ந்த வழக்கம்தான், நம் ஊரில் புகழ்ந்தால் உள்ளே கொண்டுபோய் வைப்போம். அவர் மூன்று தடவை வேண்டாம் என்றார், இவர் மூன்று தடவை உன்னுடையதுதான் என்றார், கலாஸ், முடிந்தது, துப்பாக்கி மஸ்கட்டுக்குக் கைமாறிவிட்டது. லைசென்ஸ் மாற்றுகிற காகிதமெல்லாம் நான்தான் டைப் அடித்தேன். முடித்ததும், உஸ்தாத், அதற்கு ஒரு நல்ல தோல்பெட்டி பார் என்றார். முறிந்த பழைய கட்டை யாருக்கும் வேண்டாம் என்பதால் ரூமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அஜ்மான் கரப்பான்பூச்சிகள் இப்போது ஆஸ்திரிய வால்நட்டால் சாகின்றன, இந்த கௌரவம் வேறு எந்த ஊர்க் கரப்பானுக்கும் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அர்பாப், நான் தோஹாவிலிருந்து திரும்பிய அன்றே வாங்கிப் பூட்டியிருந்த பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, இரண்டு மாதம் லீவு, மகள் கல்யாணத்துக்குப் போய் வா என்றார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்து பாஸ்போர்ட் என் பெட்டியில்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானாகக் கொடுக்கிற அளவுக்கு நல்லவனும் இல்லை.

உனக்கு நாள் தள்ளி மூன்று மாதம் ஆகிறது என்று அம்மா போன வாரம் சொன்னாள். ஒரு நர்ஸுக்கு நான் என்ன சொல்வது, இருந்தாலும் சொல்கிறேன், நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிற டூட்டியை எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதே, சின்ன வயதில் போட்டவள் நீ. மழையில் வழுக்குகிற ரோட்டில் மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல், இன்ஜின் தெரிந்தவருக்கு பிரேக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கோயிலுக்கு ஆட்டோவில்தான் போகிறாள், அவளோடு வாரம் ஒருமுறையாவது பேசு, மழையைப் பற்றி இல்லாமல். வருகிற ஜனவரியில் பிள்ளையைக் கொண்டுவந்து நம் ஆலயத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறீர்களாம். நல்லது. அதற்கும் கார்டு அடிப்பார்கள், அதையும் உன் சித்தப்பாதான் அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவான். இந்தத் தடவை மாதிரியை எனக்கும் ஒன்று அனுப்பு, உறையின் பின்னால் ஆபீஸ் போஸ்ட் பாக்ஸ் நம்பர் இருக்கிறது. லீவை ஜனவரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யவும் எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் இருக்கிறதையும் சேதமின்றிக் காப்பாராக. மாப்பிள்ளையையும், ஆயில் படிந்த அவர் கைகளையும் அப்படியே ஆசீர்வதிப்பாராக, அந்தக் கைகள்தான் இனி உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் இப்படிக்கு என்று எழுதிக் கீழே பெயர் போடுவது முறை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக யோசித்தேன். கார்டில் பெயர் இல்லாமலே ஒரு கல்யாணம் நடந்ததல்லவா, பெயர் இல்லாமலே ஒரு கடிதமும் போய்ச் சேரட்டும். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞானஸ்நானக் கார்டில் தாத்தா என்ற இடத்தில் என் பெயர் இருந்தால், ஜனவரியில் வரும்போது இந்தக் காகிதத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா, அங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இப்போதைக்கு கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.