இருபத்தாறா, ஐம்பத்து மூன்றா

ஜூன் 8, ஞாயிறு

வெயில். பத்து மணிக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர். 18ஆம் தேதி புதன்கிழமை மும்பையில் விசா நேர்காணல். இன்னும் பத்து நாள்.

போரூர் விசா ஆலோசகர் மேடம் சொன்னது: "தோணுறதெல்லாம் டேட் போட்டு எழுதி வைங்க சார். அங்க கேக்கும்போது தடுமாறாம வரும்." முப்பத்தைந்து வயதில் வீட்டுப்பாடம். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ரேவதிக்காக இதுவும்.

எடுத்து வைத்தவை: பாஸ்போர்ட். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், நகல் இரண்டு. போலீஸ் சான்றிதழ். மருத்துவப் பரிசோதனை உறை (பிரிக்கக் கூடாது; அம்மா பிரிக்கப் பார்த்தாள்). ரே. சம்பளத் தாள். வெள்ளைப் பின்னணியில் போட்டோ. அதில் எதையோ திருடி மாட்டிக்கொண்டவன் முகம் எனக்கு.

கல்யாண போட்டோ இருபது வேண்டுமாம். நானும் ரே.யும் மட்டும் இருப்பது பதினொன்று. அதில் ஒன்பதில், போட்டோகிராபர் சொன்னார் என்று விரலால் இதயம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தது ஒன்றே ஒன்று, அவள் அமெரிக்கா கிளம்பிய அன்று விமான நிலையத்தில். சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர், நடுவில் ரே., ஓரத்தில் பெட்டி வண்டியைப் பிடித்தபடி நான். பார்க்கிறவர்கள் என்னைப் போர்ட்டர் என்றுதான் நினைப்பார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை முழுக்க கரண்ட் இல்லை. நல்லதாகப் போயிற்று, லீவு கடிதம் எழுத நேரம் கிடைத்தது.

பக்கத்து மெஷின் பாபு: "இன்னா மாமே, ஊர்ல பொண்டாட்டிதான் புருசன் வூட்டுக்கு வரும். நீ இன்னாடான்னா பொண்டாட்டி வூட்டுக்கு ஃப்ளைட்டு ஏறிகினு போற." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து வருடமாகப் பாகங்களை அளந்து, சரி, தப்பு என்று முத்திரை குத்துவது என் வேலை. அடுத்த வாரம் என்னை ஒருவர் அளக்கப் போகிறார்.

மாலை ஆறரைக்கு ரே. வீடியோவில். டெக்சாஸில் காலை எட்டு மணி, நைட் டூட்டி முடித்த முகம். ஒத்திகை பார்த்தோம். அவள்தான் ஆபீசர்.

"உங்க மனைவி டூட்டி முடிச்சு வந்து என்ன சாப்பிடுவாங்க?"

"தயிர் சாதம். ஊறுகாய் கெடையாது. அதுக்குப் பதிலா சிப்ஸ்."

"எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"சுவத்துப் பக்கம்."

சிரித்தாள். இருபது கேள்விக்கு இருபதும் சரி. நான் பரவாயில்லை என்று எனக்கே தோன்றியது.

ஜூன் 11, புதன்

போரூர் போனேன். மேடம் கோப்பை வரிசைப்படுத்தும்போது இரண்டு தாளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பிப்ரவரியில் நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. இன்னொன்று ரே. அங்கிருந்து அனுப்பியது. இரண்டும் எப்போதோ தூதரகத்துக்குப் போய்விட்டன.

கேள்வி ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு, அவள் கிளம்பும்வரை எத்தனை நாள் ஒன்றாக வாழ்ந்தீர்கள்?

என் தாளில் 53. அவள் தாளில் 26.

"சார், ரெண்டு பேப்பர், ரெண்டு கதை. இது எப்படி?"

எனக்கும் ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கல்யாணம் இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் 21. அவள் கிளம்பியது ஆகஸ்ட் 12. நாட்காட்டியில் எண்ணினால் 53. நடுவில் ஆடி. புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் மாதம். ஆனி கடைசி நாள் அவள் வீட்டார் தட்டோடு வந்து ஐயப்பன்தாங்கலுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணியில் திரும்பி வருவாள், அவள் வேலைக்குக் கிளம்ப ஆவணி பாதி ஆகும், நடுவில் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் தாய் வீட்டிலிருந்தே விமான நிலையம் போனாள்.

நான் ஆடியையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. ஆடிக்குப் போனவள் என் வீட்டுக்காரிதானே. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் எண்ணுவார்கள்.

மேடம்: "சார், அவங்களுக்கு விசா வந்து, அப்புறம் கல்யாணம். அதுவே கண்ண உறுத்தும். இதுல நாள் கணக்கும் இடிச்சா, விசாவுக்காகப் பண்ண கல்யாணம்னு முடிவு பண்ணிடுவாங்க. உங்க ஒய்ஃப்கிட்ட சொல்லி அம்பத்து மூணுன்னு புது லெட்டர் வாங்குங்க. மொதல்ல போட்டது தப்பா விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

ஆறரைக்கு ரே.யிடம் கேட்டேன்.

"என்னால முடியாதுங்க."

"ஒரு நம்பர்தானேம்மா."

"உங்களுக்கு நம்பர். அந்த இருபத்தேழு நாளும் எங்கம்மா வீட்டு வாசல்ல ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எட்டிப் பாத்தவ நான்."

வீடியோ அணைந்தது. கை பட்டு அணைந்ததா, அணைத்தாளா, தெரியவில்லை. தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, திருவேற்காடு பக்கம் மட்டும் பெய்துவிட்டுப் போயிற்று.

இரண்டு நாளாக ரே.யின் பதில்கள்:
சாப்டியா? ம்.
டூட்டி ஜாஸ்தியா? ம்.
கோவமா? தூங்கறேன்.

வாங்கியவை: ஃபார்மல் ஷூ, கறுப்பு சாக்ஸ். வாங்க மறந்தது: அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. நான் கிளம்பும்போது அம்மாவைத் தங்கை வீட்டில் விட வேண்டும், அதற்கு முன் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்க வேண்டும்.

வேலையில் ஒரு பெட்டி முழுக்கத் தவறாக முத்திரை குத்தினேன். திரும்ப அளக்க மூன்று மணி நேரம். பாபு ஒன்றும் கேட்காமல் கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தான். நல்லவன். வாய்தான் கொஞ்சம்.

ஜூன் 14, சனி

எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

நூம்பலில் எங்கள் வீட்டிலிருந்து ஐயப்பன்தாங்கல் பைக்கில் இருபது நிமிடம். தினமும் போனில் பேசினேன். ஆனால் நேரில் போனது ஒரே ஒரு முறை. ஆடிப்பெருக்கு அன்று, அம்மாவோடு. கூடத்தில் உட்கார்ந்து மாமனாரிடம் பைக் மைலேஜ் பற்றிப் பேசினேன். ரே. காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். கிளம்பினேன். தனியாக நாலு வார்த்தை பேசவில்லை. வாசல்வரை வந்தாள் என்று இப்போது ஞாபகம் வருகிறது. நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் போகவில்லை? ஆடியில் பெண்டாட்டி வீட்டு வாசலில் போய் நின்றால் பாபுவும் மற்றவர்களும் ஒரு வருடம் ஓட்டுவார்கள். அம்மா ஏதாவது சொல்வாள். இனிமேல்தான் காலம் பூராவும் இருக்கிறதே. இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தால் எதுவும் காரணம் மாதிரி இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீதானே அப்போது அவளை அனுப்பினாய், இப்போது பார், இரண்டு தாள், இரண்டு கணக்கு என்று எரிச்சலில் கத்திவிட்டேன். அம்மா நிமிரவே இல்லை.

"சம்மந்தி வூட்டுக்காரங்க தட்டத் தூக்கிகினு வந்து நிக்கறாங்க. நான் இன்னா, முடியாது போங்கன்னா சொல்லுவேன்? நீ சொல்லுவேன்னு பாத்தேன். எம் பொண்டாட்டி பிளேன் ஏறப் போறா, அதுவரிக்கும் இங்கியே இருக்கட்டும்னு ஒரு வார்த்த. நீ ஷர்ட்டு மாட்டிகினு டூட்டிக்குப் போயிட்ட. சரி, இவனுக்கே ஒண்ணும் இல்லபோல கீதுன்னு நானும் உட்டேன்."

"நான் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

"ஏன்டா, நான் இன்னா ராட்சசியா?"

கீரை முழுக்க ஆய்ந்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "அந்தப் பொண்ணு போறப்ப என் கையப் பிடிச்சினு அழுதுச்சு. உங்கிட்ட அழுதுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 16, திங்கள்

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதிய 53 தவறு, என் மனைவி எழுதிய 26 சரி. கையெழுத்து, தேதி. போனில் மேடத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"சார், வேணாம். நீங்களே போய் மாட்டிக்கிற மாதிரி ஆயிடும். கேட்டா ஆடி, கஸ்டம், அதாவது எங்க வழக்கம், அப்படின்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுங்க. ரிஜெக்ட் ஆனா மறுபடி எத்தன வருஷம்னு எனக்கே தெரியாது."

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கடிதம் கோப்பில், மேலாக.

ரே.யிடம் சொல்லவில்லை. அவளைக் குளிரவைக்க எழுதிய மாதிரி ஆகிவிடும். நாளை மும்பை கிளம்புகிறேன் என்று மட்டும் அனுப்பினேன். "பாத்துப் போங்க. தலைல எண்ணெ வச்சுக்காதீங்க, போட்டோவுல வழியுது." இத்தனை நாளில் இதுதான் நீளமான பதில். நாலு தரம் படித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் விமானப் பயணம். ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. மும்பையில் கொட்டும் மழை, புது ஷூ நனைந்துவிட்டது. லாட்ஜில் ஃபேன் காற்றில் வைத்திருக்கிறேன். கோப்பு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், என் தலையணைக்கு அடியில்.

பக்கத்து அறையில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் மனைவியோடு பாடம் போலச் சொல்லிப் பார்க்கிறார்: "நாம மொதல்ல எங்க பாத்தோம்?" "உங்க அக்கா வீட்டுல." "இல்லம்மா, கோயில்லன்னு எழுதிருக்கு." எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

மழை. ஈர ஷூவோடு போனேன். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், லாட்ஜிலேயே வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் வரிசை. பத்தரைக்கு என் எண் வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஆபீசர், என்னைவிட இளைய பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அக்கா. வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம். ரே. வேலை, முகவரி, ஷிப்ட், எல்லாம் சொன்னேன். விசா வந்தபிறகு ஏன் கல்யாணம் என்றார். நிச்சயம் அதற்கு முன்பே ஆகிவிட்டது, மண்டபம் கிடைத்தது ஜூனில்தான் என்றேன். தலையாட்டினார். பிறகு இரண்டு தாளையும் எடுத்தார்.

"ஐம்பத்து மூணு, இருபத்தாறு. எது சரின்னு கேக்கறாங்க," என்றார் அக்கா.

கண்ணாடிக்குக் கீழே கடிதத்தைத் தள்ளினேன். "அவ எழுதினதுதான் சரி."

ஆடியைப் பற்றிச் சொன்னேன். அக்கா ஆங்கிலத்தில் கொஞ்சம் அதிகமாகவே விளக்கினார். ஆபீசர் ஒன்று கேட்டார்.

"அம்மா வீடு எவ்ளோ தூரம்?"

"பைக்ல இருபது நிமிஷம்."

"அப்போ ஏன் போய்ப் பாக்கலை?"

ஆடி, கஸ்டம். இரண்டு வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வரவில்லை.

"போயிருக்கணும் மேடம். நாலு பேரு கிண்டல் பண்ணுவாங்கன்னு போகல. வேற காரணம் எதுவும் இல்ல. அவ எனக்காகக் காத்துகினு இருந்திருக்கா. அது எனக்குப் போன வாரம்தான் தெரியும்."

அக்கா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். நான் இரண்டு வருடமாகச் சொல்லாமல் விட்டது ஆங்கிலத்தில் ஒன்றரை வரிதான் வந்தது. ஆபீசர் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தால் போச்சு என்று போரூர் மேடம் சொல்லியிருந்தார். ஆபீசரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டைத் தன் பக்கத்துக் கூடையில் போட்டார்.

"அப்ரூவ்டு," என்றார் அக்கா. "போயிட்டு வாங்க தம்பி."

நன்றி சொன்னேனா, ஞாபகம் இல்லை. லாட்ஜ் வரை நனைந்துகொண்டே நடந்தேன். ரே.க்குப் போன். டூட்டியில் இருந்தாள், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். கிடைத்துவிட்டது என்றேன்.

"நாள் கணக்கு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ஆபீசரிடம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு ஆபீசர் வேண்டியிருந்துச்சா?"

அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. இந்த முறை என்னிடம். பின்னால் ஏதோ நோயாளி மணி அடித்தார். வருகிறேன் என்று ஆங்கிலத்தில் குரல் கொடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள டிக்கெட் போடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.