நோயே இல்லை என்று நான் எழுதிய அறுபத்துமூன்று படிவங்களை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
மு. உக்கிரபாண்டி,
விவசாயி, ஆட்டுக்கிடை உரிமையாளர், ஊர்ப் பிரமுகர்,
மேலச்சீனிகுளம், நாகலாபுரம் வழி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
கோவில்பட்டி.

பொருள்: என் தங்கை மகள் இந்துஜாவின் ஆய்வு நிறுத்தப்பட்டது – தவறு என்னுடையது – மறு கணக்கெடுப்பு வேண்டி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நான் எட்டாவதுதான் படித்தேன் என்றாலும், மனு எழுத வக்கீல்களே என்னிடம்தான் வருவார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. இந்துஜா பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். இது ஒருவருக்கு ஊசி போடுகிற படிப்பு அல்ல. ஓர் ஊருக்கே மொத்தமாக நாடி பிடிக்கிற படிப்பு. முடித்தால், நோய் எங்கே கிளம்புகிறது என்று துப்புத் துலக்கும் உத்தியோகம், சுகாதாரத் திட்ட அலுவலர் பதவி, ஜெனீவா வரைக்கும் வேலை இருக்கிறதாம். அவள் ஜெனீவா போய்த் திரும்பிவிட்டதாகவே ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

2. ஆடி மாதம் எங்கள் தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டிக்கு மூடி இல்லை; உள்ளே புறா குடும்பம் நடத்துகிறது. குற்றவாளி தொட்டிதான் என்று நிரூபிக்க, தங்கள் அனுமதியோடு இந்துஜா வீடு வீடாகப் படிவம் நிரப்பினாள். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு தண்ணீர் குடிக்கும் வடக்குத் தெருவை முதலில் முடித்ததும் பரீட்சை வந்துவிட்டது. தெற்குத் தெருவின் அறுபத்துமூன்று வீடுகளை நான் ஏற்றுக்கொண்டேன்.

3. ஒரு வீட்டுக்கும் போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். புதியம்புத்தூரிலிருந்து எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிற நேரத்தில், ஊரே செம்பும் கையுமாக ஓடியது என்று சர்க்கார் தாளில் எழுதக் கை வருமா ஐயா? நோய்: இல்லை. கழிப்பறை: வீட்டுக்கு இரண்டு. குடிநீர்: இளநீர் தோற்கும். அவள் திரும்புமுன் நானே நேரில் வந்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன்.

4. நோயே இல்லாத தெருவுக்கு ஆய்வு எதற்கு என்று தாங்கள் படிவங்களைத் திருப்பியனுப்பி ஆய்வை நிறுத்தியது நியாயமே. அவற்றைப் படித்த இந்துஜா, "மாமா, நான் கேட்டது ஊரு வயித்துக் கணக்கு. நீங்க எழுதி வச்சிருக்கது கல்யாணப் பத்திரிக்கைல்லா!" என்றாள். இம்மாதம் முப்பதுக்குள் அறிக்கை கொடுக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். நாங்கள் இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். போன வாரம் எங்கள் தெருச் செல்வமாரியின் கைக்குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே என் படிவங்களை ரத்து செய்து, இந்துஜாவுக்கு மீண்டும் அனுமதி தந்து, தொட்டித் தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்ப வேண்டுகிறேன். உப்புச் சர்க்கரைப் பொட்டலப் பையைத் தூக்கிக்கொண்டு, வாய் திறக்காமல் அவள் பின்னால் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் வாழ்நாள் தியாகங்களில் இதுவே பெரிது.

இடம்: மேலச்சீனிகுளம்
நாள்: 16.09.2025

தங்கள் கருணையையும் மருமகள் மன்னிப்பையும் எதிர்நோக்கும்,
மு. உக்கிரபாண்டி

இணைப்பு: என் வீட்டுப் படிவம், உள்ளது உள்ளபடி. ஒரே நாளில் எத்தனை முறை போனது என்ற கேள்விக்கு, எனக்கு ஒன்பது என்று எழுதியிருந்தேன். என் மனைவி பாலம்மாள் ஏழு என்கிறாள். ஏழு என்றே திருத்திக் கையெழுத்திட்டுள்ளேன்.